ஆய்வுப் போஸ்டரில் கோளாறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

என் அச்சுக்கடை மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில் இருக்கிறது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கான பேனர், கல்யாண மண்டபத்து வரவேற்புப் பலகை, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கான சான்றிதழ் ஆகியவையே எங்களுடைய அன்றாட வேலை. ஆயினும் செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் சுங்கைப் பட்டாணியில் ஆசிரியர் கல்விக் கழகமும் அருகிலேயே இருப்பதாலும், சிந்தோக்கிலும் பினாங்கிலும் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு திரும்பும்போது பென்டிரைவையும் கையோடு கொண்டுவருவதாலும், தம் ஆய்வை ஒரே தாளில் விளக்கிக் கண்காட்சியில் மாட்டும் ஆய்வுப் போஸ்டர்களும் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் தென்படும் கோளாறுகள் ஏழெட்டுதான். அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. கீழே அவற்றை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலிலும், செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் வரும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, ஒரே ஓர் ஏ4 தாளில் அச்சிட்டுப் பாருங்கள். ஏ0 என்பது 84.1 × 118.9 செ.மீ.; ஏ4 தாள் நீளத்திலும் அகலத்திலும் அதில் சரியாகக் கால் பங்கு. ஆகவே போஸ்டரில் 28 புள்ளி (பாயிண்ட்) அளவில் இருக்கும் எழுத்து ஏ4 தாளில் 7 புள்ளியாகத் தெரியும். அதைக் கையில் பிடித்து, கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிந்தால் மண்டபத்தில் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவராலும் படிக்க முடியும். ஏ1 போஸ்டரானால் ஏ4 தாளில் அது சுமார் 35 விழுக்காட்டுக்குச் சுருங்கும். 24 புள்ளி எழுத்து எட்டரைப் புள்ளியாகும். எழுத்துடைப்பு, விடுபட்ட படம், தவறான அளவு ஆகிய மூன்றும் பெரும்பாலும் இந்த ஒற்றைத் தாளிலேயே பிடிபட்டுவிடும். கடைக்கு வந்த பிறகு என் திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த நேரத்தில் உங்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.

அறிகுறி 1: மேலும் கீழும் வெள்ளைப் பட்டை விழுகிறது, அல்லது ஓரத்துச் சொற்கள் வெட்டுப்படுகின்றன

அச்சுப்பொறியைச் சந்தேகிக்கும் முன் பக்க அளவைப் பாருங்கள். அடோபி ரீடரில் கோப்பைத் திறந்து கண்ட்ரோல், டி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பக்க அளவு தெரியும்.

அங்கே ஏறத்தாழ 33.87 × 19.05 செ.மீ. என்று இருந்தால், பவர்பாயிண்ட் தானாகத் தந்த அகலத்திரை அளவிலேயே வேலையை முடித்திருக்கிறீர்கள் என்று பொருள். அந்த வடிவம் 16க்கு 9. ஏ வகைத் தாளின் வடிவம் 1.414க்கு 1. இரண்டும் ஒருபோதும் ஒட்டாது. அப்படிப்பட்ட கோப்பைப் படுக்கைவாட்டு ஏ0 தாளின் அகலத்துக்கு நீட்டினால் மேலே 8.6 செ.மீ., கீழே 8.6 செ.மீ. வெள்ளையாக நிற்கும். வெள்ளை தெரியாமல் முழுத் தாளையும் நிரப்பச் சொன்னால் இடப்பக்கம் 15 செ.மீ., வலப்பக்கம் 15 செ.மீ. காணாமல் போகும். பெரும்பாலும் அந்தப் பதினைந்து சென்டிமீட்டரில்தான் பல்கலைக்கழகச் சின்னம் இருக்கும்.

சரிசெய்ய, 'டிசைன்' பட்டியில் 'ஸ்லைடு சைஸ்' சென்று அகலத்தையும் உயரத்தையும் நேரடியாகத் தட்டச்சு செய்யுங்கள். பவர்பாயிண்ட் ஒரு பக்கத்துக்கு 142.24 செ.மீ. வரை அனுமதிப்பதால் ஏ0 முழு அளவிலேயே அடங்கும். பெரிதாக்கவா, பொருந்தச் செய்யவா என்று அது கேட்கும்போது 'என்ஷ்யூர் ஃபிட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பின் கட்டங்களைக் கையால் அடுக்க வேண்டியிருக்கும். குறுக்கு வழி கிடையாது. இதனால்தான் அளவை முதல் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுங்கள் என்று வருவோரிடமெல்லாம் சொல்கிறேன்.

பக்க அளவு சரியாக இருந்தும் ஓரம் வெட்டுப்படுகிறதா? அப்படியானால் அழைப்புக் கடிதத்தை மறுபடி படியுங்கள். நிற்கும் பலகைக்குப் படுக்கைவாட்டுப் போஸ்டர் செய்துவிட்டு வருபவர்களும் உண்டு. ஏ1 என்று எண்ணியிருக்க, ஏற்பாட்டாளர் கேட்டது 2 × 5 அடி பன்டிங்காக, அதாவது நெடுக்காகத் தொங்கும் பேனராக, இருந்ததும் உண்டு. அதுவும் சரி என்றால், கடைக்காரர் 'ஆக்சுவல் சைஸ்' தேர்ந்தெடுக்காமல் தாளுக்குள் அடக்கும் அமைப்பில் அச்சிட்டிருக்கலாம். அது அவர் தவறு, மறு அச்சுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஓரத்தை ஒட்டி மெல்லிய கோடு போட்டுச் சட்டம் கட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பெரிய தாளை நாங்கள் இரும்பு அளவுகோல் வைத்துக் கத்தியால் கையால் வெட்டுகிறோம். ஒரு மீட்டருக்கு மேல் நீளும் வெட்டில் இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் சட்டம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வெட்டும் ஓரத்துக்கு வெளியே 3 மி.மீ. நிறம் நீள வேண்டும் என்பது அச்சகங்களின் வழக்கம், ஆனால் பவர்பாயிண்டில் அதற்கான அமைப்பே இல்லை. எனவே எழுத்தையும் சின்னத்தையும் நான்கு பக்கமும் குறைந்தது 2 செ.மீ. உள்ளே தள்ளி வையுங்கள்.

நாளைக் காலை கண்காட்சி, இன்று மாலைதான் அளவு தவறு என்று தெரிகிறது என்றால், நீங்களே அடுக்க உட்காராமல் கடையில் வடிவமைப்பவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. பழகிய கைக்கு அது இரண்டு மணி நேர வேலை. தூக்கம் கெட்ட மாணவருக்கு விடிய விடிய வேலை.

அறிகுறி 2: தமிழ் எழுத்து உடைகிறது

ஆங்கிலப் போஸ்டர் செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இந்திய ஆய்வியல் துறை மாணவர்களும் தமிழில் செயலாய்வு செய்யும் பயிற்சி ஆசிரியர்களும்தான் இதில் மாட்டுகிறார்கள். உடைவது எப்படி உடைகிறது என்பதைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

*முழுப் பத்தியும் அர்த்தமற்ற ஆங்கில எழுத்தாகவும் குறிகளாகவும் தெரிந்தால்,* அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருந்ததால் சரியாகத் தெரிந்தது. என் கணினியில் இல்லாததால் மூலக்குறிகள் வெளிப்பட்டுவிட்டன. இலவச மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பின் ஒற்றெழுத்துகளையும் ஔகாரத்தையும் ஒரு முறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். மாற்றிகள் தடுக்கி விழும் இடங்கள் அவை. மேற்பார்வையாளர் பத்து ஆண்டுக்கு முன் எழுதிய கோப்பிலிருந்து நகலெடுத்த மேற்கோள் மட்டும் குப்பையாக நிற்பதும் இதே காரணத்தால்தான்.

*வெறும் கட்டங்களாகத் தெரிந்தால்,* தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழே இல்லை. நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், லதா ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றினால் தீர்ந்தது.

*எழுத்து சரியாக இருந்து வரிகள் மட்டும் இடம் மாறி, கட்டத்தைத் தாண்டி வழிந்தால்,* வேறொரு எழுத்துரு உங்களுடையதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. மெக் கணினியில் செய்து விண்டோஸில் திறப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. மெக்கில் வரும் இணைமதி நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்த எழுத்துரு, பார்க்கவும் அழகு. ஆனால் விண்டோஸில் அது கிடையாது. பவர்பாயிண்ட் கோப்பாகக் கொண்டுவராமல் பிடிஎஃப் ஆகவே கொண்டுவந்தால் இந்தச் சிக்கல் எழாது. அடோபி ரீடரில் மேலே சொன்ன அதே சாளரத்தில் 'ஃபான்ட்ஸ்' என்ற தாவலைத் திறந்து, ஒவ்வோர் எழுத்துருவின் பெயருக்கும் பக்கத்தில் 'எம்பெடெட்' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

*கொம்பும் காலும் இடம் மாறி, நடுவே புள்ளிகளால் ஆன வட்டம் தெரிந்தால்,* கோப்பு இல்லஸ்ட்ரேட்டர் அல்லது போட்டோஷாப் வழியாகப் போயிருக்கிறது. இதை நான் என் செலவில் கற்றுக்கொண்டேன். பயிற்சி ஆசிரியை ஒருவர் மாலை ஆறு மணிக்குப் பிடிஎஃப் கொண்டுவந்தார். சின்னத்தை மட்டும் ஒரு விரற்கடை மேலே நகர்த்தித் தரும்படி கேட்டார். நானும் கோப்பை இல்லஸ்ட்ரேட்டரில் திறந்து, நகர்த்தி, சேமித்து, ஏ0 தாளை அச்சிட்டுச் சுருட்டியும் கொடுத்துவிட்டேன். அவர் கடை வாசலிலேயே விரித்துப் பார்த்தார். 'தொடக்கப்பள்ளி' என்ற சொல்லில் கொம்பு தகரத்தைத் தாண்டிப் பின்னால் நின்றது. 'கு' என்பது ககரமாகவும் தனியே தொங்கும் சுழியாகவும் பிரிந்திருந்தது. 'டி'யின் விசிறி டகரத்தை விட்டு விலகியிருந்தது. "கணினியில் சரியாகத்தானே அண்ணே இருந்தது" என்றார். அவர் கணினியில் சரியாகத்தான் இருந்தது. தவறு என்னுடையது. இரண்டாவது தாள் என் கணக்கில் போயிற்று.

அந்த மென்பொருள்களில் தமிழுக்கான எழுத்து அமைப்புப் பொறியைத் தனியே இயக்க வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் அமைப்புகளில் 'டைப்' பகுதிக்குச் சென்று இந்திய மொழிகளுக்கான தெரிவைக் காட்டச் செய்து, பத்திக்குரிய அமைப்பில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்டிசைனில் 'வேர்ல்டு ரெடி' பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைவிட எளிய வழி, முடிந்த பிடிஎஃப் கோப்பைக் கடையில் யாரும் திருத்தத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவதுதான். திருத்தம் தேவையென்றால் மூலக்கோப்பில் செய்து புதிய பிடிஎஃப் எடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவைத் தடிக்கச் செய்தால் மென்பொருள் அதைப் பொய்யாகப் பூசிக் காட்டும். ணகரத்தின் சுழிகளும் 'கூ'வின் உட்புறமும் அடைந்துபோகும். ஏ4 தாளில் தலைப்பைப் பார்க்கும்போது சுழிகளுக்குள் வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் தடித்த வடிவமுள்ள எழுத்துருவுக்கு மாறுங்கள். மேல் விசிறியும் கீழ்ச் சுழியும் மோதாமல் இருக்க, வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடச் சற்றுக் கூட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உடைந்தால், பிடிஎஃப் பக்கத்தை 200 அல்லது 300 டிபிஐ அளவில் ஒரே படமாக மாற்றி அச்சிடச் சொல்லலாம். எழுத்தின் கூர்மை ஒரு நூல் குறையும், ஆனால் எழுத்து நிச்சயம் உடையாது.

அறிகுறி 3: படம் மங்கலாக, கட்டம் கட்டமாக வருகிறது

முதலில் ஒரு சிறு கணக்கு. படத்தின் அகலம் எத்தனை பிக்சல் என்று பார்த்து, அதை 150ஆல் (அங்குலத்துக்கு வேண்டிய பிக்சல்) வகுத்து, 2.54ஆல் பெருக்குங்கள். வருவது, அந்தப் படத்தை எத்தனை சென்டிமீட்டர் அகலம் வரை தைரியமாக அச்சிடலாம் என்பது. 640 பிக்சல் சின்னம் சுமார் 11 செ.மீ. வரை தாங்கும். அதற்கு மேல் நீட்டினால் ஓரங்கள் படிக்கட்டாகும்.

கணக்கு உதைத்தால் படம் எந்த வழியாக வந்தது என்று யோசியுங்கள். பத்தில் எட்டு முறை வாட்ஸ்அப் வழியாகத்தான். ரப்பர் இலையில் விழும் பூஞ்சைப் புள்ளிகளைப் பற்றி ஆய்வு செய்த மாணவர் ஒருவர், தம்முடைய கைப்பேசியில் 4000 பிக்சல் அகலத்தில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் தமக்கே அனுப்பி, அங்கிருந்து மடிக்கணினியில் இறக்கிப் பயன்படுத்தியிருந்தார். இறங்கியது 1280 பிக்சல். போஸ்டரில் 40 செ.மீ. அகலத்துக்கு வைத்தபோது அங்குலத்துக்கு 81 பிக்சல்தான் மிஞ்சியது. ஆய்வின் உயிரே அந்தப் புள்ளிகளின் விளிம்பு. அது கரைந்து போயிருந்தது. அதே படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக மறுபடி அனுப்பச் சொன்னேன். அங்குலத்துக்கு 254 பிக்சல் கிடைத்தது, இலை நரம்புகூடத் தெரிந்தது. செலவு ஒன்றுமில்லை.

மூலப் படம் பெரியதாக இருந்தும் மங்கினால் பவர்பாயிண்ட் சேமிக்கும்போது அதைச் சுருக்கியிருக்கலாம். 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' என்று போய், படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற பெட்டியில் குறியிடுங்கள். பிறகு படங்களை மீண்டும் செருகுங்கள், ஏனெனில் ஏற்கெனவே சுருங்கியது விரியாது. ஏ4 அளவில் வடிவமைத்துவிட்டு நான்கு மடங்கு பெரிதாக்கி அச்சிடக் கேட்பவர்களுக்கு இது கூடுதல் அடி: 220 பிபிஐ (அங்குலத்துக்கு 220 பிக்சல்) என்று சுருக்கப்பட்ட படம் ஏ0 தாளில் 55 ஆகிவிடும். பிடிஎஃப் எடுக்கும்போது 'மினிமம் சைஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கேன்வாவில் செய்பவர்கள் 'பிடிஎஃப் பிரிண்ட்' என்ற வகையில் இறக்கிக்கொள்ளுங்கள்.

வரைபடம் மட்டும் மங்குகிறதா? எக்செலிலிருந்து திரைப்பிடிப்பு எடுத்து ஒட்டியிருப்பீர்கள். வரைபடத்தை வரைபடமாகவே ஒட்டினால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாக இருக்கும். ஆர் மென்பொருளில் வரைந்தவர்கள் எஸ்விஜி அல்லது பிடிஎஃப் வடிவில் எடுத்துக்கொள்ளலாம். சின்னத்தைக் கூகிளில் தேடி எடுக்காமல் துறை அலுவலகத்திலேயே கேட்டு வாங்குங்கள். சின்னத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டி தெரிந்தால் அது ஜேபெக் கோப்பு. பின்னணி இல்லாத பிஎன்ஜி வேண்டும்.

மூலப் படமே சிறியது, வேறு படம் இல்லை என்றால் சிறிதாகவே வையுங்கள். செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தைக் கூர்மையாக்கித் தரும் சேவைகளைப் பலர் காட்டுகிறார்கள். கல்யாணப் படத்துக்கு அது சரி. நுண்ணோக்கிப் படத்துக்கோ தோலின் மேல் வந்த தடிப்பைக் காட்டும் படத்துக்கோ அதைச் செய்யக் கூடாது. அது இல்லாத விளிம்பைக் கற்பனையாக வரைந்து சேர்க்கும், அந்த விளிம்பை நீங்கள் தரவு என்று காட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்படிக் கேட்டு வருபவர்களை நான் மேற்பார்வையாளரிடம் கேட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

அறிகுறி 4: திரையில் பார்த்த நிறம் தாளில் இல்லை

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. ஒளிரும் பச்சையும் பளீரென்ற நீலமும் மைக்கு எட்டாதவை. நீலம் ஊதாவாக வந்துவிட்டது என்ற புகார்தான் அதிகம்: சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எழுதும் ஆர்ஜிபி கணக்கில் 0, 0, 255 என்ற முழு நீலத்தை வைத்தால் ஊதாச் சாயல் ஏறும். 0, 80, 160 போன்ற நீலத்துக்கு இறங்கினால் நீலம் நீலமாகவே நிற்கும்.

வெளிர் சாம்பல் எழுத்தும் வெளிர் மஞ்சள் கோடும் தாளில் மறைந்துவிடும், அவற்றைக் கருமையாக்குங்கள். வரைபடத்தில் சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து வேறுபடுத்தாதீர்கள்; அவ்விரு நிறங்களையும் பிரித்தறிய முடியாதவர்கள் பார்வையாளர்களில் இருப்பார்கள். கோட்டின் வடிவத்தையும் மாற்றினால் போதும். முழுத் தாளையும் கருநீலத்தால் நிரப்புவதை நான் விரும்புவதில்லை. காய நேரமாகும், கைரேகை பதியும், மடிப்பு விழுந்தால் வெள்ளையாகத் தெரியும்.

நிறம் உண்மையிலேயே முக்கியம் என்றால், அதே தாளில், அதே இயந்திரத்தில், ஒரு கையகலத் துண்டை மட்டும் முதலில் அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் அதற்குச் சிறு தொகை கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். திசுவின் நிறமே முடிவாக இருக்கும் மருத்துவப் படங்களுக்குத் துண்டு அச்சும் போதாது. நிற அளவீடு செய்த இயந்திரம் உள்ள அச்சகத்துக்குத்தான் போக வேண்டும். பேனர் கடைகளில், என் கடை உட்பட, அது இருப்பதில்லை.

அறிகுறி 5: அச்சு நன்றாக இருக்கிறது, ஆனால் யாரும் நின்று படிப்பதில்லை

இந்தப் புகார் எனக்குக் கண்காட்சி முடிந்த பிறகு வரும். அச்சில் குறை இல்லை, அளவில் குறை இல்லை. போஸ்டரே மடக்கப்படாத ஆய்வேடாக இருக்கிறது.

எழுத்தளவை முதலில் பாருங்கள். ஏ0 தாளில் தலைப்பு 85 புள்ளிக்குக் குறையாமலும், உட்தலைப்பு 40 புள்ளியை ஒட்டியும், உடல் எழுத்து 24 முதல் 32 புள்ளி வரையும் இருப்பது நல்லது. அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் எழுதியது தாளில் அடங்கவில்லை என்பார்கள். அடங்காதது எழுத்தின் குற்றமல்ல. எண்ணூறு சொல்லைத் தாண்டிய போஸ்டரை நின்று படிக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. நானூறில் முடித்தவர்களைச் சுற்றித்தான் ஆள் நிற்கிறது என்று பிள்ளைகள் வந்து சொல்கிறார்கள்.

எதை வெட்டுவது? ஆய்வுச் சுருக்கம் கட்டாயம் என்று விதியில் சொல்லியிருந்தாலொழிய அது தேவையில்லை, போஸ்டரே சுருக்கம்தான். முந்தைய ஆய்வுகளைப் பற்றிய மூன்று பத்திகளை இரண்டு வரியாக்குங்கள். ஆறு நிரல் அட்டவணையை எடுத்துவிட்டு அதில் நீங்கள் வாயால் சொல்லப்போகும் ஒரே ஒப்பீட்டைப் பட்டை வரைபடமாகப் போடுங்கள்.

பிறகு தலைப்பு. எங்களிடம் வரும் செயலாய்வுத் தலைப்புகள் பெரும்பாலும் இந்த வார்ப்பில் இருக்கும்: 'ஆண்டு 2 மாணவர்களிடையே காணப்படும் லகர, ளகர, ழகர எழுத்துப்பிழைகளைக் களைவதில் வண்ண அட்டைகளின் பயன்பாடு: ஓர் ஆய்வு'. பதிவு செய்த தலைப்பை மாற்ற முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதை ஒரு படி சிறிதாக்கி, அதன் கீழே நீங்கள் கண்டதை ஒரே வாக்கியமாக, பெரிய எழுத்தில் போடுவதை யாரும் தடுக்கவில்லை: 'வண்ண அட்டை வந்த பின் ழகரப் பிழை பாதியாகக் குறைந்தது'. பாதியாகக் குறைந்திருந்தால் மட்டும். மண்டபத்தில் நடந்துபோகிறவரின் கால் நிற்பது இந்த வரியில்தான்.

அமெரிக்காவில் மைக் மோரிசன் என்ற உளவியல் ஆய்வு மாணவர் 2019இல் இதையே எல்லைக்குக் கொண்டுபோனார்: நடுவில் பெரிய எழுத்தில் முடிவு மட்டும், பக்கவாட்டில் மெல்லிய பட்டைகளில் விவரம், கீழே முழுக் கட்டுரைக்குக் கியூஆர் குறி. பார்வையாளர் மட்டும் வரும் மாநாட்டுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் நம் பிள்ளைகளின் போஸ்டருக்கு நோக்கம், முறைமை, கண்டுபிடிப்பு என்று பகுதி பகுதியாக நடுவர் புள்ளி போடுகிறார். நடுப்பகுதி முழுவதையும் ஒரே வாக்கியத்துக்குக் கொடுத்துவிட்டு அந்தப் புள்ளிகளை இழக்க வேண்டாம். மேற்பகுதியில் கால் பங்கை முடிவுக்கு ஒதுக்கி, மீதியை மூன்று நிரலாகப் பிரிப்பதே என் பரிந்துரை.

உள்ளடக்கத்தை எங்கே வெட்டலாம் என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் மேற்பார்வையாளர். ஏ4 தாளை எடுத்துச் சென்று அவரிடம் ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 6: கியூஆர் குறி திறக்கவில்லை

குறியைச் சுற்றி வெள்ளை இடம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் மிகச் சிறிய சதுரப் புள்ளி ஒன்றைப் போல நான்கு மடங்கு அகல வெள்ளை நான்கு புறமும் வேண்டும். இருண்ட பின்னணியில் வெள்ளைக் குறியாகத் தலைகீழாக்கினால் சில கைப்பேசிகள் படிப்பதில்லை. ஐந்தாறு சென்டிமீட்டருக்குக் குறையாத அளவில், தரையை ஒட்டாமல் நெஞ்சு உயரத்தில் வருமாறு வையுங்கள்.

குறி படிக்கப்பட்டும் பக்கம் திறக்கவில்லை என்றால், கூகிள் டிரைவ் கோப்பை எல்லோரும் பார்க்க அனுமதித்திருக்கிறீர்களா என்று வேறொருவருடைய கைப்பேசியில் சோதியுங்கள். உங்களுடையதில் அது எப்போதும் திறக்கும். இலவசச் சேவைகள் தரும் குறிகளில் சில, முதலில் அவர்களுடைய தளத்துக்குப் போய்த் திரும்பும் வகை. சோதனைக் காலம் முடிந்ததும் செத்துவிடும். நேரடி முகவரியைத் தாங்கும் குறியைப் போடுங்கள். அச்சான பின் கண்டுபிடித்தால், புதிய குறியை ஸ்டிக்கரில் அடித்து மேலே ஒட்டிவிடலாம். முழுத் தாளையும் மறுபடி அடிக்க வேண்டியதில்லை.

அறிகுறி 7: அச்சில் மெல்லிய வெள்ளைக் கோடுகள்

இது உங்கள் கோப்பா, எங்கள் இயந்திரமா என்பதைப் பிரித்தறிய வேண்டும். திரையிலும் கோடு தெரிந்து, பெரிதாக்கும்போது மறைந்தாலோ இடம் மாறினாலோ அது நிழலும் ஒளிபுகும் வண்ணமும் சேரும் இடத்துத் தையல். பெரும்பாலும் அச்சில் வராது. திரையில் இல்லாமல் தாளின் குறுக்கே ஒரே சீரான இடைவெளியில் கோடு விழுந்தால் மைத்தலை அடைத்திருக்கிறது. துளைச் சோதனை அச்சை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சுத்தம் செய்தும் கோடு போகவில்லை என்றால் கடைக்காரர் தம் தொழில்நுட்பரை அழைக்க வேண்டும், நீங்கள் அடுத்த கடைக்குப் போக வேண்டும்.

அறிகுறி 8: சுருள்கிறது, குமிழ் விடுகிறது, நனைந்துவிட்டது

சுருண்ட தாளை அச்சு வெளிப்புறம் தெரியுமாறு எதிர்ப்பக்கம் தளர்வாகச் சுருட்டி ஓர் இரவு வைத்தால் பெரும்பாலும் படிந்துவிடும். லேமினேட் செய்தவற்றை எப்போதும் அச்சு வெளிப்புறம் இருக்குமாறுதான் சுருட்ட வேண்டும்; உட்புறமாகச் சுருட்டினால் மேற்படலம் நசுங்கிச் சுருக்கம் விழும். குமிழ் விட்டிருந்தால் மை காயும் முன் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. ஊசியால் குத்தி அழுத்துவது சிறு குமிழுக்குச் சரி, உள்ளங்கை அகலக் குமிழுக்கு மறு அச்சுதான்.

நம் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மாலை மழை தவறாது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளைகளிடம் சாதாரண ஆர்ட் பேப்பர் வேண்டாம், சிந்தெடிக் தாளில் எடுங்கள் என்று சொல்வேன். விலை சற்றுக் கூடும், ஆனால் கிழியாது, ஈரத்துக்கு அஞ்சாது. ஏ0 தாளைச் சுருட்டினால் நீளம் 84 செ.மீ.; வன்பொருள் கடையில் நாலங்குலப் பிவிசி குழாயை 90 செ.மீ. நீளத்துக்கு வெட்டி இரு பக்கமும் மூடி போட்டு வாங்கிக்கொண்டால் உறை தயார். எங்கள் தெருவில் ஒரே குழாய், அண்ணனிடமிருந்து தங்கைக்கும் அவளிடமிருந்து பக்கத்து வீட்டுப் பையனுக்கும் போய், மூன்று பட்டமளிப்பு விழாவைக் கண்டுவிட்டது.

மண்டபத்துக்குப் போய் மாட்டிய பின் விளக்கொளி பட்டு எழுத்தே தெரியாமல் பளபளத்தால், பளபளப்புப் படலம் போட்டிருக்கிறீர்கள். அங்கே அதற்கு வைத்தியம் கிடையாது. பலகையின் மேற்பக்கத்தைக் கொஞ்சம் முன்னே இழுத்துச் சாய்த்துப் பாருங்கள், பாதிக் கண்கூச்சம் குறையும். அடுத்த முறை பளபளக்காத மேட் படலம் கேளுங்கள்.